புட்டுக்காரி வெள்ளச்சியோட மைனா

கப்பலெல்லாம் காத்தைக் கேட்டுக் கேட்டு நடந்த காலத்துல, ஒரு கடற்கரை ஊர்ல வெள்ளச்சின்னு ஒரு புட்டுக்காரி இருந்தாளாம். புருஷன் இல்ல, பிள்ளை இல்ல, ஒரே ஒரு மைனாதான் அவளுக்கு. வெந்த புட்டைத் தள்ளுறதுக்கு மூங்கில் குழலைப் பலகையில டொக்கு டொக்குனு தட்டுவா பாருங்க, உடனே மைனா தோள்ல வந்து உக்காந்து "தா தா"ங்கும். அவளும் ஒரு துண்டு பிட்டுக் குடுப்பா. அதுக்குத் தெரிஞ்ச பேச்சு அது ஒண்ணுதான்.

ஒரு நாள் வங்காளத்து மாலுமி நிதாய் புட்டு வாங்க வந்தான். மைனா "தா தா"ன்னுது. "எங்க ஊர்ல அண்ணனை இப்படித்தானே கூப்பிடுவோம்!"னு அவன் கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் சான்சிபார் தீவு மாலுமி ஜுமா வந்தான். மைனா "தா தா"ன்னுது. "எங்க பேச்சுல அக்காவை இப்படித்தாம்மா கூப்பிடுவோம்!"னு அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

பக்கத்துல புட்டு தின்னுக்கிட்டே இதைப் பார்த்தான் தரகன் ஏகப்பன். வெள்ளச்சி தண்ணிக்குப் போன நேரமாப் பார்த்து, மைனாவைக் கூண்டுல அடைச்சுத் தூக்கிட்டுப் போயிட்டான். நிதாய்கிட்ட மல் துணி வாங்கிக்கிட்டு, "கப்பல் ஏறும்போது மைனா உனக்குத்தான்"னான். ஜுமாகிட்ட ஒரு மூட்டை கிராம்பு வாங்கிக்கிட்டு, அவன்கிட்டயும் அதையே சொன்னான். ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நிப்பாங்கன்னு அந்தப் புத்திசாலிக்குத் தோணவே இல்ல! ஆளுக்கொரு பக்கம் கூண்டை இழுக்க, குழலும் கையுமாத் தேடி அலைஞ்ச வெள்ளச்சியும் வந்து சேர, வழக்கு ராஜாகிட்டப் போச்சு.

"உன் மைனாங்கிறதுக்கு என்னம்மா சாட்சி?"

"எங்கிட்ட 'தா தா'ன்னு புட்டு கேக்கும் ராசா."

"என்னை அண்ணான்னு கூப்பிட்டுதுங்க!"ன்னான் நிதாய். "இல்ல, அக்கான்னு!" இது ஜுமா.

ஏகப்பன் கும்பிட்டான். "பாத்தீங்களா மகாராஜா? ஆளுக்கொரு அர்த்தம். பேச்சை வச்சு எந்த வீட்டுதுன்னு சொல்ல முடியுமா? நான் தோப்புல புடிச்ச பறவைங்க இது."

ராஜா தாடியைச் சொறிஞ்சார். "நியாயமாத்தான் இருக்கு."

வெள்ளச்சி கூண்டைப் பார்த்தா. இனி வெறும் வீட்டுல யாருக்குப் புட்டு அவிக்கிறது? "பேச்சை விடுங்க ராசா. கூண்டைத் திறங்க. பறந்து போனா அது என் விதி."

திறந்தாங்க. மைனா விர்ருனு உத்தரத்துல போய் உக்காந்துக்கிச்சு. "தாதா!"ன்னான் நிதாய். திரும்பல. "தாதா!"ன்னான் ஜுமா. திரும்பல. "வாடி கண்ணு, பழம் தாரேன்"னான் ஏகப்பன். அது அவன் மொட்டைத் தலைக்கு நேரா எச்சம் போட்டுச்சு. சிரிச்சது போதும், கேளுங்க. வெள்ளச்சி வாயே திறக்கல. கையோட இருந்த மூங்கில் குழலை எடுத்து, சிம்மாசனப் படியில டொக்கு டொக்குனு தட்டினா. அவ்வளவுதான், மைனா தோளுக்கு வந்திருச்சு. "தா தா!"

"டேய் ஏகப்பா," எந்திரிச்சார் ராஜா. "துணியைத் தா, கிராம்பைத் தா, ஆயுசுக்கும் இந்தம்மாவுக்கு மாவு இடிச்சுத் தா!"

கப்பல் கிளம்புற வரைக்கும் நிதாயும் ஜுமாவும் காலையில வந்து உக்காந்துருவாங்க. வெள்ளச்சி குழலைத் தட்டுவா, மைனா கூப்பிடும். ஒருத்தனுக்கு அண்ணன் வருவான், ஒருத்தனுக்கு அக்கா வருவா, மைனாவுக்குப் புட்டு வரும். ஏகப்பனுக்கு மட்டும் தோள் வலி வரும்.

அவன் இடிச்ச மாவு அவிஞ்சிருச்சு, என் கதையும் வெந்து இறங்கிருச்சு.