லிஃப்டில் இருக்கும் தண்டபாணி

ஞானோதயா அடுக்ககத்தில் மூன்று பிளாக், மூன்று வாட்ஸ்அப் குழு, எல்லாரையும் சேர்த்துக் கூட்டினால் அரை மூளை. ஒரு குழுவின் சமாசாரம் மற்றதற்குப் போய்ச் சேர்வதே இல்லை என்று செயலாளர் வைத்திலிங்கம் புலம்ப, கம்ப்யூட்டர் படித்த அவர் மாப்பிள்ளை போகிற போக்கில் ஒரு யோசனை சொன்னார்.

"எந்தச் செய்தி போட்டாலும் யார், என்ன, எங்கேன்னு மேலே ஒரு குறிப்பு போடுங்க மாமா. அடுத்த குழுவுக்கும் புரியும். குறிப்பும் நிஜமும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். வேறென்ன வேணும், அடுக்ககத்தைக் கவிழ்க்க?

மறுநாளே ஏ பிளாக் மரகதவல்லியின் புருஷன் தண்டபாணி, அரைத்த இட்லி மாவுத் தூக்கோடு லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் பாதியில் நின்றது. திறக்கத் தெரிந்த ஒரே ஆள் சி பிளாக் மெக்கானிக் அல்போன்ஸ். சி பிளாக் எதிரேதான். ஓடிப்போய்ச் சொல்லலாமே என்று மரகதவல்லிக்குத் தோன்றாமல் இல்லை. குறிப்பில்லாமல் எப்படிச் சொல்வது?

செயலாளரிடம் ஓடினாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"என்னன்னு போடறது?"

"என் புருஷன், வேறென்ன?"

"கையில மாவு இருக்கேம்மா. மாவுன்னா சமையல். புருஷன்னா..."

"பழைய சாமான்னு போடுங்க சார்," என்றாள் பக்கத்து வீட்டு ரெஜினா. "எங்க வீட்டுல அப்படித்தான்."

லிஃப்டுக்குள்ளிருந்து அலறல்: "மரகதம், மாவு பொங்கி வழியுதுடி! எனக்கு மூச்சு முட்டுது!"

"கொஞ்சம் பொறுங்க! நீங்க என்னன்னுதான் பேசிட்டிருக்கோம்!"

கடைசியில், 'யார்: தண்டபாணி. என்ன: மாவோடு மனுஷன். எங்கே: லிஃப்டில்' என்று மூன்று குழுவுக்கும் போயிற்று. அல்போன்ஸ் பறந்து வந்து கதவைத் திறந்தார். முழங்கால்வரை மாவு வழிய வெளியே வந்த புருஷனைப் பார்த்து மரகதவல்லி ஓவென்று அழுதாள்.

"அழுகையை நிறுத்தும்மா," என்றார் வைத்திலிங்கம். "மூணு குழுவிலயும் இவர் லிஃப்டுல இருக்கார். ஆனா இங்க நிக்கறார். குறிப்பும் நிஜமும் ஒத்துப்போகலையே?"

எல்லார் முகமும் தொங்கிப்போயிற்று.

"குறிப்பை மாத்திடலாமா?" என்று இழுத்தார் அல்போன்ஸ்.

"அதுக்குள்ள அத்தனை பேர் கட்டைவிரல் போட்டாச்சே! அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்றார் வைத்திலிங்கம்.

மரகதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம வீட்டுப் பேர்ல ஒரு பொய் சுத்தக் கூடாதுங்க. உள்ள போங்க."

தண்டபாணி நியாயஸ்தர். போனை எடுத்துப் பார்த்தார். "ஆமாம், லிஃப்டுலதான் இருக்கேன்," என்று மாவுத் தூக்கோடு திரும்பப் போய் நின்றுகொண்டார். அல்போன்ஸ் கதவைச் சாத்தி, லிஃப்டைப் பழையபடி பாதியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மரகதவல்லி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, மூன்று குழுவுக்கும் போட்டாள்: 'தகவல் உறுதி. இன்னும் லிஃப்டில்தான் இருக்கிறார்.'

அல்போன்ஸின் சட்டைப்பையில் போன் கிணுகிணுத்தது. எடுத்துப் படித்தவருக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"அடப் பாவமே, தண்டபாணி சார் லிஃப்டுல மாட்டிக்கிட்டாராமே!" என்று கத்திக்கொண்டே, கருவிப் பையை எடுக்க சி பிளாக்குக்கு ஓடினார்.