ஏரியைச் சுற்றி ஒரு சாம்பல் கோடு

முன்னொரு காலத்தில். எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், கதை நீளும்.

நெட்டேரி என்று ஒரு சின்ன நாடு. ஏழை நாடு. இருந்த ஒரே சொத்து ஓர் ஏரி. வருஷா வருஷம் கடல் தாண்டிப் பறவைகள் வந்து இறங்கும்.

ஏரி கெட்டுப்போகுமோ என்று ராஜாவுக்குப் பயம். ஒரு மந்திரவாதியைக் கூப்பிட்டார். அவன் ஏரியைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டான்.

"மனுஷன் தாண்டினால் கல். மாடு தாண்டினால் கல். பறவைக்கு மட்டும் வழி."

அரண்மனையில் ஒரு கண்ணாடியும் மாட்டினான். "ஏரியை இதிலேயே பாருங்கள் ராஜா. வெயிலில் அலைய வேண்டாம்."

செம்பாயி எருமை மேய்க்கிறவள். அவளிடம் இருந்தது ஒரே எருமை, கரிச்சி. மூன்றாம் வருஷம் அது பழைய நினைப்பில் கோட்டைத் தாண்டியது. நின்ற இடத்தில் கல். வால் மட்டும் கோட்டுக்கு வெளியே ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

வாலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் ஏரியைப் பார்த்தாள். தண்ணீரே தெரியவில்லை. ஆள் உயரம் கோரை. பறவையும் இல்லை, ஒரு நொண்டிக் கூழைக்கடாவைத் தவிர.

"மத்த பறவை எல்லாம் ஏன் போயிருச்சு?"

"மீன் பிடிக்கத் தண்ணி எங்கடி இருக்கு? கோரை மூடிருச்சு" என்றது கூழைக்கடா.

"ஏன் மூடுச்சு?"

"அதைத் தின்ன வாயை எல்லாம் வெளியே நிறுத்திட்டாங்களே!"

"கோடு எப்படி அழியும்?"

"மூணு கேள்வி ஆச்சு. அலகு வலிக்குது. ராஜாவே உள்ள வந்து நின்னு, தப்புன்னு சொன்னா அழியும். போ."

கோட்டுக்கு வெளியே சாய்ந்திருந்த கோரையில் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். ராஜா கண்ணாடியைக் காட்டினார். தளும்பும் தண்ணீர், கூட்டம் கூட்டமாய்ப் பறவை.

"எவ்வளவு அழகு பார்!"

"எந்த வருஷத்து ஏரிங்க ராசா இது?"

"வாயை மூடு!" என்றான் மந்திரவாதி.

செம்பாயி கோரைக்கட்டை ராஜா மடியில் போட்டாள். "இது இன்னைக்கு அறுத்தது."

ராஜா கண்ணாடியை உற்றுப் பார்த்தார். ஒரு நாரை மீனை விழுங்கியது. அதே நாரை, அதே மீன். மறுபடியும் அதே நாரை, அதே மீன். ராஜா எழுந்து நடந்தே ஏரிக்குப் போனார். செம்பாயியும் மந்திரவாதியும் பின்னாலேயே ஓடினார்கள்.

பார்த்தார். செம்பாயி பக்கம் திரும்பினார்.

"முட்டை வைக்கிற மாசத்துல எருமை மிதிச்சிடாதா?"

"அந்த மாசம் கரையிலேயே நிறுத்திருவோம் ராசா. சத்தம் வராம கழுத்து மணிக்குள்ள வைக்கோல் திணிச்சிருவோம். எப்பவும் அப்படித்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"யாரு கேட்டாங்க? நீங்களே உள்ள வந்து நின்னு, தப்புன்னு சொன்னாத்தான் கோடு அழியுமாம் ராசா."

ராஜா கோட்டைத் தாண்டினார். பாதம் கல். முழங்கால் கல். இடுப்பு கல்.

"சொல்லாதீங்க ராஜா, மானம் போயிடும்!" என்று அலறினான் மந்திரவாதி.

"நான் போடச் சொன்ன கோடு தப்பு. இவங்களைக் கேட்காமப் போட்டேன்."

சாம்பல் பறந்தது. அரண்மனைக் கண்ணாடி உடைந்தது. கல் எல்லாம் சதை. கரிச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் கோரையில் வாய் வைத்தது. மிச்சக் கோரையை அறுக்கச் சொல்லி மந்திரவாதி கையில் ஓர் அரிவாளைக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் பறவை வந்தது. முட்டை மாசம் கரிச்சியின் மணிக்கு வைக்கோல் திணிக்க ராஜாவே வருவார். வருஷா வருஷம் அது அவரை ஒரு முட்டு முட்டும். வாங்கிக்கொள்வார்.