நாலாவது வழி

"சாமி, சூடு போறதுக்கு உலகத்துல மூணே மூணு வழிதான். மூணையும் பார்த்துட்டேன். நாலாவதுன்னு ஒண்ணு இருக்கா?"

கேட்டவர் அம்பலவாணன். பொறியியல் கல்லூரியில் முப்பது வருஷம் வெப்பவியல் நடத்தி ஓய்ந்தவர்.

கேட்கப்பட்டவர் ஐஸ் சாமி. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி உடைக்கிறவர். சீடருக்கு அறுபத்தொன்று, குருவுக்கு நாற்பது ஆகவில்லை.

சாமி சம்மட்டியை நிறுத்தவில்லை. "யாருக்கு வே குளிருது?"

"என் மக தாரகைக்கு."

அவளுக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் நாளே இறந்துவிட்டது. ஏழு மாதமாகச் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறாள். பேச்சில்லை. ஒரு சொட்டு அழுகைகூட இல்லை.

"மூணு வழி என்னென்ன?"

"தொட்டாப் போகும். அவ கையைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன். ஐஸ்கட்டியாவே இருந்துச்சு."

"ரெண்டாவது?"

"காத்தும் தண்ணியும் ஓடி ஓடிச் சுமந்துட்டுப் போகும். சொந்தக்காரங்களை வரவழைச்சேன்."

"சுமந்தாங்களா?"

அம்பலவாணன் வந்தவர்களில் ஒருவரைப்போல மூக்கால் பேசிக் காட்டினார். "'மாப்ளே, ஊட்டிக்கு ஒரு டூர் அடிச்சா எல்லாம் சரியாயிரும்.'" தொண்டையைச் செருமி, கீச்சுக்குரலுக்கு மாறினார். "'என் நாத்தனாருக்கு மூணு போச்சு, அவ என்ன படுத்தேவா கிடந்தா? காப்பில சீனி கம்மிங்க.'"

ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்பலவாணன் சிரிக்கவில்லை.

"மூணாவது கதிர்வீச்சு. நடுவுல எதுவுமே வேண்டாம். சூரியன் அப்படித்தான். எதிர்ல நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்தேன். ரெண்டு மாசம்."

"நீரு சூரியனாக்கும்!"

அம்பலவாணன் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். நாள் தவறாமல் எழுதியிருந்தார். பேச்சு: பூஜ்யம். பேச்சு: பூஜ்யம். பக்கம் பக்கமாகப் பூஜ்யம். நேற்றைய வரியில் மட்டும் கூடவே கொஞ்சம்: தலையணை ஈரம். வேர்வை.

"நர்ஸ் வச்சாச்சு சாமி. சாயங்கால ரயில்ல நான் பையன்கிட்டப் போறேன். திரும்ப மாட்டேன். என்கிட்ட இருந்ததெல்லாம் கொடுத்தாச்சு. ஒரு டிகிரிகூட ஏறலை."

சாமி ஒரு அலுமினியக் குண்டானில் உடைத்த ஐஸை விளிம்பு தட்டக் குவித்தார். ஆட்களுக்கு டீ போடுகிற விறகடுப்பில் அதைத் தூக்கி வைத்தார்.

"வெப்பமானி வச்சிருக்கீரா?"

சட்டைப்பையில் இல்லாமல் இருக்குமா?

"போட்டுக் கிண்டும். ஏறினா ஒரு சத்தம் கொடும்."

சாமி சம்மட்டியோடு போய்விட்டார்.

அம்பலவாணன் வெப்பமானியிலிருந்து கண்ணெடுக்காமல் கிண்டினார். பார்த்தார். பூஜ்யம்.

ஒரு விறகைத் தள்ளினார். புகையில் கண் கரித்தது. பூஜ்யம்.

இன்னும் ரெண்டு விறகு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. பூஜ்யம்.

அரைமணி நேரம் போயிருக்கும். எரிந்துகொண்டிருந்த விறகுகளை வெளியே இழுத்து மண்ணில் போட்டார்.

"வீண் சாமி! இதுவும் என் மக மாதிரிதான்!"

சாமி வந்தார். மண்ணில் புகைகிற விறகுகளைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் எரிஞ்ச தீ எங்க வே போச்சு?"

வகுப்புப் பழக்கத்தில் அம்பலவாணனின் வாய் திறந்தது. அப்படியே நின்றது.

குண்டானுக்குள் எட்டிப் பார்த்தார். குவிந்து நின்ற ஐஸைக் காணோம். முக்கால் குண்டான் தண்ணீர். நடுவே முஷ்டியளவில் ரெண்டு துண்டு மிதந்தன. வெப்பமானி அதே பூஜ்யத்தில் நின்றது.

வெப்பமானியை எடுத்துத் துடைத்தார்.

"சாமி, அவகிட்ட எவ்வளவு ஐஸ் இருக்கும்?"

"எனக்கெப்படி வே தெரியும்?"

"உருகறதுக்குள்ள என் விறகு தீர்ந்துட்டா?"

"தீரலாம்."

சாமி சம்மட்டியை எடுத்துக்கொண்டு ஐஸ் பக்கம் திரும்பினார். தூரத்தில் ஸ்டேஷன் பக்கம் சாயங்கால ரயில் ஒருமுறை கூவியது.

அம்பலவாணன் நோட்டைப் பிரித்தார். நேற்றைய வரியில் 'வேர்வை' என்ற ஒரு சொல்லை மட்டும் கோடு போட்டு அடித்தார்.