வைக்கோல் மனிதனின் சட்டை

“இருபத்தாறு வருஷமா பச்சைச் சட்டை தைச்சுக் கொடுத்தேன். இன்னைக்கு ஆள் அனுப்பி நீலச் சட்டை தையுங்கறாங்க. பைத்தியம் எனக்கா, அவங்களுக்கா?”

தையற்காரி செங்கமலம் இதை அப்படியே மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

துறவி அமிர்தவல்லி தன் குடிசைத் திண்ணையில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செங்கமலத்தைவிடப் பத்து வயது இளையவள். வாய் மட்டும் மூத்தது.

“முதல் தடவையே காதுல விழுந்தது. உட்காரு.”

செங்கமலம் உட்காரவில்லை.

பச்சை, ஆற்றுக்கு அக்கரை நாட்டுப் படையின் நிறம். நீலம், கடல்நாட்டுப் படையின் நிறம். இக்கரையில் வருஷத்துக்கு ஒரு நாள் வைக்கோல் மனிதனுக்குப் பச்சைச் சட்டை மாட்டி, காறித் துப்பி, எரிப்பார்கள். பிள்ளைகளுக்குக்கூட அன்று கெட்ட வார்த்தை பேச அனுமதி உண்டு.

இப்போது கடல்நாடு படையெடுத்து வருகிறது. அக்கரையோடு உடன்படிக்கை. ஆகவே வைக்கோல் மனிதன் நீலத்துக்கு மாற வேண்டும். அமைச்சர் பூபாலரின் உத்தரவு.

“நாளைக்குக் காலையில பொம்மையை எரிக்கறாங்க. எரிச்ச கையோட பாலத்துக் கதவைத் திறந்து அக்கரைப் படையை உள்ளே விடறாங்க. சாயங்காலம் நம்ம ஆளுங்க அறுபது பேர் அவங்களுக்கு வெடிமருந்து சுமந்துக்கிட்டுப் போகணுமாம்.”

“பட்டியல் போட்டாச்சா?”

“சாவடிச் சுவர்ல ஒட்டியாச்சு. ஒன்பதாவது பேரு என் மகன் கதிரேசன்.”

அமிர்தவல்லியின் விரல்கள் பருப்பின் மேல் நின்றன.

“அமைச்சர் மகன் பேரு?”

“அந்த மகனுக்கு முதுகு வலியாம்.”

“எப்போதிலிருந்து?”

“பட்டியல் எழுதின அன்னையிலேருந்து.”

இருவரும் சிரிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் முரசு அடித்துக்கொண்டிருந்தார்கள். விடியலிலிருந்து அடிக்கிறார்கள். ஊரில் ஒரு குழந்தைகூடத் தூங்கவில்லை.

செங்கமலம் இப்போது உட்கார்ந்தாள்.

“போன சண்டையிலயும் இப்படித்தான் சாமி. நண்பர்கள்னு சொல்லித்தான் உள்ளே வந்தாங்க. நாற்பத்தொரு பேரைச் சுமக்கக் கூட்டிட்டுப் போனாங்க. என் வீட்டுக்காரர் பழைய சோறு தின்னுட்டு, சாயங்காலம் வந்துடறேன்னு போனாரு. ஒருத்தர் திரும்பலை. கதிரேசன் அப்ப என் வயித்துல. அந்த அக்கரையானுங்க விளங்குவானுங்களா?”

“விளங்க வேண்டாம். பாலத்துக் கதவு அக்கரையிலேருந்து திறக்குமா?”

“திறக்காது. தாழ்ப்பாள் நம்ம பக்கம்.”

“அன்னைக்கு யார் திறந்தது?”

“அது எதுக்கு சாமி இப்ப?”

“யார்னு கேட்டேன்.”

“அமைச்சர். அப்பத்தான் புதுசாப் பதவிக்கு வந்திருந்தாரு.”

“திரும்பி வராதவங்களைப் பத்தி அவரை யாராவது கேட்டீங்களா?”

“அவரே அழுதாரு சாமி. எல்லாருக்கும் முன்னாடி நின்னு அழுதாரு. அப்புறம் பொம்மை எரிக்கற வழக்கத்தையே அவர்தானே கொண்டு வந்தாரு.”

“பொம்மைக்குத் தீ வைக்கறது?”

“அவர்தான். அது முறை.”

“நல்ல முறை” என்றாள் அமிர்தவல்லி. ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். “சட்டைக்கு அளவு யாருகிட்ட எடுப்பே?”

“வைக்கோலுக்கு என்ன சாமி அளவு? கண் பார்வையில வெட்டித் தைக்கறதுதான்.”

“அதான் யாருக்கு வேணும்னாலும் பொருந்துது.”

முரசு நின்றது. அந்த நிசப்தம் இன்னும் மோசமாக இருந்தது.

செங்கமலம் சொன்னாள்: “எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான்.”

“நீங்க துறவி.”

“துறவிக்கும் கழுத்து ஒண்ணுதான்.”

“நான் வாயைத் திறந்தா ஒன்பதாவது பேரை முதல் பேரா ஆக்கிடுவாங்க.”

“ஆக்கலாம்.”

“திறக்கலைன்னா?”

அமிர்தவல்லி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை, ஊர் முழுவதும் திடலில் கூடியிருந்தது. பட்டியலில் இருந்த அறுபது பேரும் கயிற்றுக்குள் தனியாக நின்றார்கள். கதிரேசன் அம்மாவைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அமைச்சர் பூபாலர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அக்கரைத் தளபதி, பச்சை உடுப்பில். போன வருஷம் அந்த நிறத்தின் மேல் துப்பியவர்கள் இன்று எச்சிலை விழுங்கிக்கொண்டார்கள். தூணில் வைக்கோல் மனிதன் வெறும் உடம்போடு நின்றான்.

“எங்கேம்மா சட்டை?” என்றார் அமைச்சர். குரல் கனிவாகத்தான் இருந்தது. தீப்பந்தம் ஏற்கெனவே கையில் எரிந்துகொண்டிருந்தது.

“இன்னும் தைக்கலைங்க ஐயா.”

“நேற்றே சொல்லியனுப்பினேனே!”

“சொன்னாங்க. அளவு இல்லாம எப்படி வெட்டறது?”

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்து, பாதியிலேயே நிறுத்தினார்கள்.

“இத்தனை வருஷம் எந்த அளவில் தைத்தாய்?”

“தப்பான அளவுலங்க ஐயா.”

செங்கமலம் மேடைப் படியில் ஏறினாள். மூன்றே படி. மூன்றாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான். அவள் அதற்கு முன்னால் நின்று, இடுப்பில் சுற்றியிருந்த அளவு நாடாவை அவிழ்த்தாள்.

தளபதி அமைச்சரைப் பார்த்தார். கயிற்றுக்குள் நின்ற அறுபது பேரும் அமைச்சரைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஊரே அமைச்சரைப் பார்த்தது. பொம்மையை யாரும் பார்க்கவில்லை.

“ஐயா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க.”

பந்தத்திலிருந்து எண்ணெய் சொட்டியது.

“கையை மட்டும் கொஞ்சம் தூக்குங்க ஐயா. நெஞ்சு அளவு எடுத்துக்கறேன்.”