நிறுத்தாதீர்கள்

இணையத்தில் பொருள் விற்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கென்று ஒரு மன்றம் இருந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் தன் வீட்டு மாடி அறையிலிருந்து நூருன்னிசா அதை நடத்திவந்தார். விளம்பரம் எப்படி எழுதுவது, கோபமாக எழுதும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது, பார்சல் உடைந்து போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது என்று எந்தெந்த ஊரிலிருந்தோ கேட்பார்கள். யாராவது எழுதிய விளம்பரத்தில் பொய் இருந்தால் அந்த வரியைச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பிவிடுவார் நூருன்னிசா. அதனால் எல்லாருக்கும் அவர் டீச்சர்.

அருளப்பன் அவரிடம் கற்றவர். டீச்சரை விட வயதில் மூத்தவர். பம்ப்செட் கடை நொடித்துப்போய், அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றபோது அந்த மன்றம்தான் அவருக்குப் பிழைக்க வழி காட்டியது. இப்போது அவரே வகுப்பு எடுக்கிறார். மன்றத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவருடையது. அங்கே அவர் பெயருக்குப் பக்கத்தில் 'மூத்த வழிகாட்டி' என்று போட்டிருக்கும்.

ஒருநாள் காலையில் அருளப்பன் மாடி ஏறி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"மன்றம் செத்துக்கிட்டிருக்கு டீச்சர்."

"தினமும் பதிவு வருதே அண்ணே."

"வருது. ஆனா உயிரு இல்ல. பழைய ஆளுங்க ஒருத்தரும் இல்ல. வாட்ஸ்அப் குரூப்பு, டெலிகிராம், யூடியூப்னு பிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. நம்மள மாதிரி இருந்த மத்த மன்றமெல்லாம் ஒண்ணொண்ணா மூடியாச்சு. எது டீச்சர் நம்மளக் கொல்லுது?"

நூருன்னிசா லேப்டாப்பைத் திறந்து, மன்றத்தில் புதிதாக ஒரு உறுப்பினர் பெயரை உண்டாக்கி, அதை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தப் பேர்ல ஒரு கேள்வி போடுங்க."

"என்ன கேள்வி?"

"வீடு தீப்பிடிச்சு எரியுது, என்ன செய்யன்னு கேளுங்க."

அருளப்பன் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் உட்கார்ந்து, சொன்னபடியே தட்டினார்.

நூருன்னிசா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் பதில்கள் வந்திருந்தன.

'அருமையான பதிவு! பகிர்ந்தமைக்கு நன்றி.'

'மிகவும் பயனுள்ள தகவல். தொடர்ந்து எழுதுங்கள்.'

'உங்கள் விற்பனையும் இப்படிப் பற்றி எரிய வேண்டுமா? கீழே உள்ள லிங்கைத் தொடவும்.'

அருளப்பனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. டீ சட்டையில் சிந்தியது. "எல்லாம் மெஷினு டீச்சர். ஒரு மனுசன் இல்ல."

"இன்னும் கீழ போங்க."

கீழே போனார். அடுத்த பதிலில் அவருடைய போட்டோ இருந்தது.

'அருமையான கேள்வி! மனம் தளராதீர்கள். நிறுத்தாதீர்கள். நிறுத்தாதவர்களே வெல்கிறார்கள். அருளப்பன், மூத்த வழிகாட்டி.' அதற்கும் கீழே அவர் வகுப்புக்கான லிங்க்.

"இது நான் போடலியே."

"பின்ன?"

டீ தம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு சாஃப்ட்வேர் மாட்டியிருக்கேன். அது போட்டிருக்கும். எல்லாருந்தான் வச்சிருக்காங்க டீச்சர். பதில் போடாம இருந்தா நம்ம பேரு கண்ணுக்குத் தெரியாம கீழ போயிடுது. இப்படி ஒண்ணு ஓடிக்கிட்டிருக்குங்கறதே மறந்துபோச்சு."

"வேற யாருக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கீங்க?"

"பாக்கலியே."

"பாருங்க அண்ணே."

அருளப்பன் தன் பெயரைத் தட்டினார். பக்கம் பக்கமாக அதே வரி. தீபாவளி வாழ்த்துச் சொன்னவருக்கும் அதுதான், கூரியர்காரரைத் திட்டி எழுதியவருக்கும் அதுதான். வெட்கமாக இருந்தது. வேகமாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார்.

சாத்தூரிலிருந்து செல்லக்கனி என்று ஒரு பெண் போன மாதம் எழுதியிருந்தார்.

'நான் குழந்தைகளுக்கு நலங்கு மாவு மில்லில் அரைத்து வீட்டிலிருந்து விற்கிறேன். இந்தத் தடவை அரைத்த மாவைத் தேய்த்துக் குளிப்பாட்டியதும் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று ஒரு அம்மா போன் செய்தார். மாவு நிறைய மீதி இருக்கிறது. விற்பதை நிறுத்திவிடவா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.' அடியில் தன் போன் நம்பரையும் போட்டிருந்தார்.

அதற்குக் கீழே அருளப்பனின் போட்டோ. அருமையான கேள்வி. மனம் தளராதீர்கள். நிறுத்தாதீர்கள்.

அதற்கும் கீழே செல்லக்கனி: 'ரொம்ப நன்றி அண்ணாச்சி. பயந்துபோய் இருந்தேன். நீங்கள் சொன்ன பிறகுதான் தைரியம் வந்தது.'

அருளப்பன் லேப்டாப்பை டீச்சர் பக்கம் திருப்பினார். நூருன்னிசா குனிந்து படித்தார்.

"நானும் பாக்கலியே," என்றார்.

அருளப்பன் அந்த நம்பருக்குப் போன் செய்து தன் பெயரைச் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்களா!" செல்லக்கனியின் குரலில் அவ்வளவு நிம்மதி. "நானே மன்றத்துல உங்களக் கேக்கணும்னு இருந்தேன்."

"அந்த மாவு என்னாச்சும்மா?"

"நீங்க சொன்னப்புறம் நிறுத்தல அண்ணாச்சி. ஆர்டர் வந்ததுக்கெல்லாம் அனுப்பிட்டேன்." குரல் தாழ்ந்தது. "இப்ப இன்னும் ரெண்டு மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. மதுரையில ஒரு கைப்புள்ளய ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். என்ன செய்யட்டும் அண்ணாச்சி?"

"யாருக்கும் அனுப்பாதீங்க. ஒரு பாக்கெட்டும் வெளிய போகக்கூடாது. மதுரைக்கு வாங்க. நானும் வர்றேன்."

ஆஸ்பத்திரி வாசலில்தான் இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். செல்லக்கனிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பார்சல் ஒட்டும் டேப்பின் துண்டு ஒன்று அவர் முந்தானையில் ஒட்டியிருந்தது. அவருக்கே தெரியவில்லை.

உள்ளே, சொறிந்துவிடாமலிருக்க இரண்டு கைகளிலும் துணி சுற்றப்பட்டு அந்தக் குழந்தை கிடந்தது. முகமெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அழுது அழுது தொண்டை கட்டிப்போய் வாய் மட்டும் திறந்து மூடியது.

செல்லக்கனி யார் என்று தெரிந்ததும் குழந்தையின் அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அருளப்பன் குறுக்கே போய் நின்றார்.

"அவங்கள ஒண்ணும் செய்யாதீங்க. நிறுத்தவான்னு அவங்க கேட்டாங்க. நிறுத்தாதீங்கன்னு சொன்னது நான்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல."

"அந்த மாவப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பின்ன எதை வச்சுச் சொன்னீங்க?"

அருளப்பன் தலைகுனிந்தார். "அவங்க கேட்டதையே நான் படிக்கல."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த மனிதர் அடிக்கவில்லை. அருளப்பனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னாலிருந்து செல்லக்கனி மெதுவாகக் கேட்டார். "படிக்கலியா அண்ணாச்சி?"

அருளப்பனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம்வரை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, மாவு வாங்கிய ஒவ்வொருவருக்கும் இருவரும் போன் செய்தார்கள். அந்த மாவைத் தொடாதீர்கள், கொட்டிவிடுங்கள் என்றார்கள். சிலர் கண்டபடி ஏசினார்கள். ஒரு பெண் அழுதார். செல்லக்கனி அருளப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. மில்லில் விசாரித்தபோது, செல்லக்கனி மாவு அரைப்பதற்கு முன்னால் அதே மெஷினில் மிளகாய் அரைத்தது தெரியவந்தது.

குழந்தை தேறியது. புதுத்தோல் வந்து வீட்டுக்குப் போனது.

அதன் பிறகுதான் அருளப்பன் திண்டுக்கல்லுக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"சாஃப்ட்வேரக் கழட்டிட்டேன். வகுப்பையும் நிறுத்திட்டேன். மன்றத்த மூடிடுங்க டீச்சர்."

நூருன்னிசா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"நம்பி வர்ற ஒருத்தரக் கொன்னுடுவோம் டீச்சர். மூடிடுங்க."

அப்போது அருளப்பனுடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் திடுக்கிட்டார். செல்லக்கனி. எடுத்துக் காதில் வைத்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்.

"மறுபடியும் மாவு அரைக்கவா, இல்ல தொழிலயே விட்டுடவான்னு கேக்குது. என்கிட்டப் போய்க் கேக்குது டீச்சர்!"

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"தெரியலியே. ராத்திரி தூக்கமில்லாம யோசிச்சாலும் எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

"எனக்கும் தெரியாது அண்ணே."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு என்னதான் சொல்ல?"

நூருன்னிசா, போனைப் பொத்தியிருந்த அவர் கையை எடுக்கும்படி ஜாடை காட்டினார்.

"அதையே சொல்லுங்க."