சட்டநாதனும் மூணு குண்டுக் கள்ளியும்

பால் வேணாமா? சரி, வேணாம்னா விடு. தள்ளிப் படு, தாத்தாவுக்கும் கொஞ்சம் எடம் வேணும். ம் கொட்டிக்கிட்டே இருக்கணும், நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு சட்டநாதன் இருந்தான். கல்யாண வீட்டுப் பந்தியில பரிமாறுறதுதான் அவன் வேலை. ஒரு இலை காலியா இருந்தா அவனுக்குப் பொறுக்காது. கை தானா வாளிக்குள்ள போயிடும், சொத்துன்னு ஒரு கரண்டி விழும். போதும் போதும்னு இலையை மூடினா, அந்த விரல் சந்துலயே ரசத்தை விடுவான். போதும்ங்கற வார்த்தை மட்டும் அவன் காதுல ஏறவே ஏறாது. பெரிய புண்ணியவான்னு நெனப்பு வேற.

ம்?

அவனுக்கு ஒரே மக. அவளுக்கு ஒரே பிள்ளை, இத்தனூண்டு பொண்ணு. பொண்டாட்டி போனதுக்கப்புறம் அந்த வீட்ல சட்டநாதன் தனியாத்தான் கெடந்தான். பேத்தியைக் கொஞ்ச நாள் எங்கிட்ட விடேன்னு மககிட்ட கேட்டுக்கிட்டே இருப்பான். ஒரு தடவை ரெண்டு நாளைக்கு விட்டா. ஜாங்கிரி, ஆமவடை, சேமியா பாயசம்னு ரெண்டு நாளும் ஊட்டோ ஊட்டுன்னு ஊட்டினான். பிள்ளைக்கு வயித்தால போயி, மூணாம் நாள் ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தினாங்க. அப்புறம் எப்படி விடுவா?

ஆனா அவ கெட்டிக்காரி. ஆடி மாசம் ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து வெச்சா. உள்ள எலுமிச்சம்பழம் அளவுல ஒரு குண்டுக் கள்ளி, உடம்பெல்லாம் முள்ளு. வெதை போட்டு அவளே வளர்த்தது.

"இதுக்கு வெயில் வேணும். மண்ணு நல்லாக் காஞ்சப்புறம் கொஞ்சம் தண்ணி. அவ்வளவுதான்பா. பங்குனியில நான் வரும்போது இது உயிரோட இருந்தா, பிள்ளையை விட்டுட்டுப் போறேன்" அப்படின்னா.

சட்டநாதன் சிரிச்சான். ஆயிரம் பேருக்குப் பரிமாறின கைக்கு இது ஒரு வேலையான்னான்.

அப்புறம் என்ன ஆச்சு? மறுநாள் பார்த்தா மண்ணு காஞ்சிருக்கு. அவன் கண்ணுக்கு அது காலி இலை மாதிரி தெரிஞ்சுது. அடடா, கேக்கத் தெரியாத உசுரு, தொண்டை காஞ்சு உக்காந்திருக்கேன்னு சளசளன்னு ஒரு செம்பு ஊத்தினான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வெயில் சுடுமேன்னு தூக்கிட்டு வந்து கூடத்து மூலையில வேற வெச்சான். ஒரு மாசம் கழிச்சு ஆசையா விரலால தொட்டான். பொதக்! அடியில அழுகி, பழைய கத்திரிக்கா கணக்கா உள்ள போயிடுச்சு.

உடனே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னானா? சொல்லல. பஸ் ஏறி நர்சரிக்குப் போனான், அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி அதே தொட்டியில நட்டான். நடும்போது சுருக்குன்னு நாலு முள்ளு ஏறுச்சு. நல்லா ஏறட்டும்.

நர்சரிக்காரரும் அதையேதான் சொல்லி அனுப்பினாரு, தண்ணியைக் கொறைங்கன்னு. சரின்னு தண்ணியை அடியோட நிறுத்திட்டான். ஆனா கை சும்மா இருக்குமா? தண்ணிதானே கூடாது, மோர் குளிர்ச்சிதானேன்னு அவனே ஒரு நியாயம் பேசிக்கிட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பெருங்காயம் போட்டு, தினம் ஒரு டம்ளர் மோர் ஊத்தினான். சிரிக்காதே, நெசமாத்தான். வந்தது பாரு எறும்பு, சாரை சாரையா. வீடே புளிச்ச நாத்தம். பதினஞ்சே நாள்ல ரெண்டாவதும் பொதக்.

ம் கொட்டு. ஆங்.

மறுபடி போய் நின்னான். இந்தத் தடவை நர்சரிக்காரரு மூஞ்சியைப் பார்த்தே சொல்லிட்டாரு: "ஐயா, செடி மேல தப்பில்ல. கையைக் கட்டுங்க."

அப்போதான் அவனுக்குச் சுட்டுச்சு. மூணாவதை மணலும் சரளையும் கலந்து நட்டு, மாடிக் கைப்பிடிச் சுவர்ல நல்ல வெயில்ல வெச்சான். மாடிக் கதவைப் பூட்டி சாவியை எதிர்வீட்டு அம்மாகிட்ட குடுத்து, வாரம் ஒரு நாள்தான் குடுக்கணும், நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்கன்னான். ரெண்டாம் நாளே போய்க் கெஞ்சினான். அந்தம்மா குடுக்கல. மார்கழியில செடி கொஞ்சம் சுருங்கிப் போச்சு. படியில உக்காந்து அழுதான், ஆம்பளை, அறுபத்தெட்டு வயசு.

பங்குனி வந்துச்சு. கதவைத் தொறந்து பார்த்தா, கள்ளி தலையைச் சுத்தி வளையம் மாதிரி ரோஸ் பூ! அன்னைக்குத்தான் மகளும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்தா. தொட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடிவந்து காட்டினான். அவ பார்த்தா. பார்த்துக்கிட்டே இருந்தா.

"என்னோடது போன வருஷம் மஞ்சளாப் பூத்துதுப்பா. இது எத்தனாவது?"

மூணாவதுன்னான்.

"செடி போனா கடையில வேற கெடைக்குது. எனக்குப் பிள்ளை ஒண்ணுதான்பா இருக்கு."

அப்படிச் சொல்லிட்டா. வந்ததுக்குச் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு மட்டும் சொல்லி இலையைப் போட்டான். பிள்ளை நாலு வாய் சாப்பிட்டுச்சு. அவன் பாயசக் கரண்டியோட குனிஞ்சான். இத்தனூண்டு கை ரெண்டையும் இலை மேல வெச்சு, போதும்னு சொல்லிச்சு.

கரண்டி அந்தரத்துல நின்னுச்சு. விரல் சந்து தெரியுது, அதுல விட்டுடலாம். நாப்பது வருஷப் பழக்கம். மகளும் மூச்சு விடாம பார்த்துக்கிட்டு இருக்கா. அப்புறம் கரண்டியை மெதுவாத் தூக்கி, வாளியிலேயே திருப்பி ஊத்திட்டான். ஒரு சொட்டு சிந்தல.

மக எழுந்து கை கழுவிட்டு வந்து, பத்து நாள் இருக்கட்டும்பா, பாப்போம்னா.

அந்தப் பிள்ளை யாரா? அந்தச் சட்டநாதன் யாரா? நீ பால் வேணாம்னே, நான் டம்ளரைத் தொட்டேனா? அதுலேர்ந்து நீயே கண்டுபிடிச்சுக்கோ. கள்ளி மாடியில தூங்குது, கதையும் படுத்துடுச்சு, நீயும் கண்ணை மூடு.

ஏன் கண்ணு, ஒரே ஒரு வாய்... இல்ல, ஒண்ணுமில்ல. நீ தூங்கு.