இருவாச்சி அடைத்த வாசல்

செவலை என்ற மலையணிலால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மற்ற அணில்களாலும் முடியாதுதான். ஆனால் அவை பழத்துக்காக ஓடும், செவலை கவலையில் ஓடும். கவலைப்படக் காரணமும் இருந்தது. அந்த மலைக்காட்டின் கதகதப்புக் கழகத்துக்கு அதுதான் தலைமை.

கழகம் என்றால் நாலு பேர் கூடிப் பேசிக் கலைகிற இடம் என்று நினைக்க வேண்டாம். பனிக்காலத்தில் காடே அதை நம்பித்தான் இருந்தது. எப்போதோ இடி விழுந்து பற்றிய நெருப்பைக் கழகத்துக் கீரிகள் ஒரு குழியில் அணையவிடாமல் வைத்திருந்தன. அதில் கற்களைச் சுட்டு, மாலையானதும் ஒவ்வொரு வளையாக உருட்டிக்கொண்டு போய்க் கொடுக்கும். எலிக்கும் கல் உண்டு, காட்டுப்பன்றிக்கும் உண்டு. யாரும் குளிரில் விறைத்துப் போகக் கூடாது என்பதற்காகவே உண்டானது அந்தக் கழகம்.

ஆனால் நெருப்புக் குழிக்கு வயிறு பெரிது. மரம் மரமாகத் தின்றது. கிழக்குச் சரிவு மொட்டையானது. நிழல் போனதும் ஓடை மெலிந்தது. போன கோடையில் தவளைகள் ஈரம் தேடி அலைந்ததைப் பார்த்த செவலைக்கு மனசு கேட்கவில்லை. காட்டுச் சபையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வாக்குக் கொடுத்துவிட்டது.

"இனிமே கல் சுட ஒரு மரமும் விழாது. வெயில் தர்ற சூடுதான் நமக்கு!"

எல்லா மிருகங்களும் தலையாட்டின. கோடையில் யாருக்குக் குளிர் ஞாபகம் இருக்கும்?

வழி என்னவோ நல்ல வழிதான். மலையுச்சியில் ஒரு கரும்பாறைச் சரிவு இருந்தது. காலையில் கற்களை அங்கே பரப்பிவைத்தால் சாயங்காலம் கை வைக்க முடியாது, அப்படிச் சுடும். கீரிகள் நெருப்புக் குழியை மண் போட்டு மூடின. அடியில் கொஞ்சம் தணலை மட்டும் விட்டுவைத்தன. மார்கழி முழுவதும் வெயில் கல்லே காட்டைத் தாங்கியது. செவலைக்குப் பெருமை பிடிபடவில்லை. கழகத்தின் கூடம் ஒரு பெரிய மரத்தின் வேர்க்குகையில் இருந்தது. அதன் அகலமான வாசலில், நன்றாகச் சூடேறிய கற்களாகப் பார்த்து வரிசையாக அடுக்கிவைத்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் தொட்டுப் பார்த்து வியக்க வேண்டும் என்று ஆசை. அவையும் வியந்துவிட்டுத்தான் போயின.

தை பாதியில் மூடுபனி வந்தது. வந்தது என்றால், வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. சூரியன் எங்கோ தூரத்தில் வெளிறித் தெரிந்தது. கற்கள் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. கீரிகள் உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்த சூடு, வளைக்குள் போன கொஞ்ச நேரத்தில் ஆறிப்போனது.

அப்போதிலிருந்து செவலைக்குக் கால் தரையில் பாவவில்லை. உச்சிக்கு ஓடும், வானத்தைப் பார்க்கும். கீழே இறங்கும், கல்லைத் தொட்டுப் பார்க்கும். மறுபடியும் உச்சிக்கு ஓடும். இத்தனை ஓட்டத்தால் ஒரு கல்கூடக் கூடுதலாகச் சூடேறவில்லை.

ஒரு நாள் சருகுமான் பொடிச்சி வந்து நின்றது. முயல் அளவுதான் இருக்கும் அது. பாறையிடுக்கில் குட்டி போட்டிருந்தது. குட்டி நடுங்குகிறதாம். பால் குடிக்க வாயே திறக்கவில்லையாம்.

"இன்னிக்காவது ஒரு கல்லு சூடா கிடைக்குமாக்கா?" என்று கேட்டது.

கிடைக்கும் என்று செவலை சொல்லிவிட்டது. எங்கிருந்து கிடைக்கும் என்று அதற்கே தெரியாது. 

மறுநாள் காலை உறுமலார் வந்தார். காட்டுப்பன்றிகளிலேயே பெரியவர். வளையும் பெரிது, குரலும் பெரிது. கல் மூன்று வாங்கினாலும் குறைதான் சொல்வார். அவர் பின்னால் பாதிக் காடு வந்திருந்தது. வந்தவை ஆளாளுக்கு ஒன்று சொல்லின. வெயிலை நம்பியதே தப்பு என்றது ஒன்று. அணிலைத் தலைமையில் வைத்தது அதைவிடத் தப்பு என்றது இன்னொன்று.

"ஏம்மா, உன் வாக்கை வச்சு நாங்க குளிர் காய முடியுமா?" என்றார் உறுமலார்.

நெருப்புக் குழிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம் நின்றது. உச்சிக் கிளைகள் பட்டுப்போனவை. நடுவில் பொந்து. அந்த ஒரு மரத்தைச் சாய்த்தால் பனிக்காலம் முழுக்கப் போதும் என்றார் உறுமலார். யானையிடம்கூடப் பேசிவிட்டாராம். நாளை உச்சிப்பொழுதில் வந்து தள்ளிவிடுமாம். செவலை தலை ஆட்டினால் போதும்.

பொடிச்சியின் குட்டி கண் முன்னால் வந்தது. ஒரே ஒரு மரம்தானே, அதுவும் பாதி பட்ட மரம்தானே என்று மனசு சமாதானம் சொன்னது. செவலை தலையை ஆட்டிவிட்டது. கூட்டம் கலைந்தது. 

சேதி காட்டைச் சுற்றி வர எவ்வளவு நேரமாகும்? மதியமே ஆண் இருவாச்சி வந்து இறங்கியது. பெரிய அலகு, அதன் நுனியில் ஓர் அத்திப்பழம். பழத்தை வைத்துவிட்டுப் பேசக்கூட அதற்குத் தோன்றவில்லை. பழத்தோடேயே பேசப் பார்த்து, கீழே தவறவிட்டது.

"தாயீ, அந்தப் பொந்துக்குள்ளதான் என் வீட்டுக்காரி இருக்கா. குஞ்சும் இருக்கு."

செவலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மரத்தில் எந்தப் பறவையும் தங்கி அது பார்த்ததில்லை. குழியின் புகை அப்படி. புகை நின்ற பிறகுதான் இருவாச்சிகள் குடி வந்திருக்கின்றன.

"மரம் வெட்ட மாட்டோம்னு நீங்க சபையில சொன்னீங்கல்ல, அதை நம்பித்தான் வந்தோம்" என்றது ஆண் இருவாச்சி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் செவலையைச் சுட்டது.

செவலை ஒரே தாவலில் மரத்தில் ஏறியது. பொந்தின் வாயைக் காணவில்லை. சேறும் பழச்சக்கையும் எச்சமும் குழைத்துப் பூசிய சுவர்தான் இருந்தது. நடுவில் அலகு மட்டும் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு. உள்ளே அந்த ஆணின் ஜோடி மஞ்சாயி உட்கார்ந்திருந்தது. பெண் இருவாச்சிகள் இப்படித்தான். முட்டையிடும் காலத்தில் தங்களை உள்ளே வைத்து அடைத்துக்கொள்ளும். ஆண் கொண்டுவரும் பழத்தை அந்த இடுக்கு வழியாக வாங்கித் தின்னும்.

செவலை மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னது. சுவரை உடைத்துக்கொண்டு உடனே பறந்துபோய்விடச் சொன்னது.

"எதை வச்சுப் பறக்கறது?" என்றது மஞ்சாயி. "றெக்கை இறகையெல்லாம் உள்ள உதிர்த்துட்டேன். இனிமே முளைச்சாத்தான் உண்டு. குஞ்சுக்கு உடம்புல ஒரு இறகு கிடையாது."

செவலை இடுக்கில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தது. அப்போது முகத்தில் ஏதோ பட்டது. மூக்கு, மீசை, கன்னம் எல்லாம் இதமாக இருந்தது. கதகதப்பு! காடு முழுக்கத் தேடியும் கிடைக்காதது இந்தப் பொந்துக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

"உனக்கு யாரு கல் கொடுத்தாங்க?"

"கல்லா? எனக்கு எதுக்குக் கல்லு? என் உடம்புச் சூடு போதும். அது வெளிய போகாம வாசலை அடைச்சிருக்கேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று மஞ்சாயி சொல்லிவிட்டது. செவலைதான் கிளையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அது ஓரிடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பிறகு மின்னலாக ஓடியது. முதலில் போனது உறுமலாரிடம். அவர் வளையின் வாய் யானைக்குட்டி நுழைகிற மாதிரி அகன்று கிடந்தது. மூன்று கற்களும் உள்ளே ஆறிப்போய்க் கிடந்தன. வாசலைச் சேறு வைத்துச் சின்னதாக்கலாம் என்றதும் அவர் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார்.

"சூடு கொடுக்கிறது உன் வேலை. என் வாசலைப் பார்க்கிறது உன் வேலையில்ல."

முயல்களும் ஏறக்குறைய அதையே மரியாதையாகச் சொல்லின. கல் குறைவாகக் கொடுப்பதற்குக் கழகம் கண்டுபிடித்த சாக்கு இது என்று முணுமுணுத்தது முள்ளம்பன்றி. பொழுது சாய்வதற்குள் ஒருவராவது கேட்க வேண்டுமே என்று தவித்தபடி செவலை கழகக் கூடத்துக்குத் திரும்பியது.

அங்கே வாசலில் நின்றுவிட்டது.

அகன்ற வாசல். வரிசையாகக் கற்கள். அன்றைக்குச் சூடேறியதிலேயே நல்ல கற்கள். அவற்றின் மேல் மூடுபனி தவழ்ந்துகொண்டிருந்தது. பொடிச்சியின் குட்டி நடுங்கிக்கொண்டிருக்க, கழகம் மூடுபனிக்குக் கதகதப்பு கொடுத்துக்கொண்டிருந்தது! ஊரார் வாசலைக் குறை சொல்லக் கிளம்பிய செவலைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கீரிகளைக் கூப்பிட்டது. வாசலில் இருந்த கற்களை எல்லாம் குட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு உருட்டச் சொன்னது. கூடத்தின் வாசலை ஓடைச் சேற்றால் தன் கையாலேயே அடைத்தது. கீரிகளில் மூத்தது தயங்கியது.

"அக்கா, கழகத்து வாசலையே அடைச்சா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"குளிர்றவங்க என்ன நினைப்பாங்கன்னு பாரு" என்றது செவலை.

ஒரு கல்லோடு பொடிச்சியின் பாறையிடுக்குக்குப் போனது. ஒரே கல், அதுவும் வெதுவெதுப்புதான். பொடிச்சி அதைத் தொட்டுப் பார்த்தது. அந்த முகம் வாடியதைச் செவலை பார்த்தது. இருவரும் சேர்ந்து இடுக்கின் வாயில் புல்லும் சேறும் திணித்தார்கள். மூச்சுவிட மட்டும் ஒரு சின்ன வழி விட்டார்கள். செவலையும் உள்ளேயே தங்கியது. வாலை ஆட்டவும் முடியாத இடம். இந்த ஒரு கல்லும் ஆறிவிட்டால் காடு விறகைத்தான் கேட்கும், நாளைக்கு மஞ்சாயி இல்லை என்ற நினைப்போடு அது கண்ணை மூடவே இல்லை.

விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்டது. சப் சப் என்று சின்னச் சத்தம். குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. செவலை வயிற்றுக்கடியில் கல்லைத் தடவிப் பார்த்தது. இன்னும் ஆறவில்லை.

சேற்றை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பொடிச்சியும் குட்டியும் பின்னால் வந்தன. நல்ல காலம் அது பாய்ந்தது, ஏனென்றால் யானை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. நெற்றியை மரத்தில் வைத்துவிட்டது. மேலே ஆண் இருவாச்சி சுற்றிச் சுற்றிப் பறந்து கத்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் பாதிக் காடு, முன்னால் உறுமலார்.

செவலை யானையின் நெற்றிக்கும் மரத்துக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொண்டது.

"தள்ளாதீங்க ஐயா. தள்ளச் சொன்னது நான்தான், தப்பும் என்னுதுதான். தும்பிக்கைய அந்த இடுக்குல கொஞ்சம் வச்சுப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

யானைக்கு அவசரம் கிடையாது. தும்பிக்கையை உயர்த்தி நுனியை இடுக்கில் வைத்தது. வைத்தது, எடுக்கவே இல்லை. அதன் பெரிய காதுகள் ஆடாமல் நின்றன.

"உள்ள கதகதன்னு இருக்கு" என்றது யானை. "ஏதோ குட்டியா மூச்சு விடுது."

உறுமலார் விடவில்லை. பறவைப் பொந்தும் பன்றி வளையும் ஒன்றா என்று கேட்டார். யாரும் சேற்றை நம்பிப் படுக்க மாட்டார்கள் என்றார். அப்போது கால்களுக்கு நடுவே புகுந்து பொடிச்சியின் குட்டி முன்னால் வந்து நின்றது. நேற்று வரை எழுந்து நிற்காத குட்டி. யானையைப் பார்த்துப் பயந்து அம்மாவுக்குப் பின்னால் ஓடியது. ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒரே கல்லுதான் வச்சோம்" என்றது பொடிச்சி. "வாசலை அடைச்சோம்."

உறுமலார் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குரல் இறங்கிச் சொன்னார்.

"என் வாசல் பெருசு. அவ்வளவு சேத்துக்கு நான் எங்க போவேன்?"

"நான் கொண்டுவந்து தர்றேன்" என்றது யானை. மரத்தைத் தள்ள வந்த யானை ஓடைப் பக்கம் திரும்பி நடந்தது.

மூடுபனி அதற்குப் பிறகும் நெடுநாள் நகரவில்லை. ஆனால் யாரும் கழகத்தைத் திட்டிக்கொண்டு வரவில்லை. கீரிகள் முதலில் போய் வாசலை அடைத்துக் கொடுத்தன, அப்புறம்தான் கல் கொடுத்தன. உறுமலாருக்கு ஒரு கல்லே போதுமென்றானது. சேற்று வாசல் தன்னுடைய யோசனை என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். செவலை அதைப் பொருட்படுத்தவில்லை. அது இப்போது வெயில் இல்லாத நாளுக்குக் காற்றிலிருந்து ஏதாவது சூடு பிடிக்க முடியுமா என்று மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒருநாள் அந்தப் பெரிய மரத்தில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. மஞ்சாயி உள்ளிருந்து சுவரை உடைத்தது. புதிதாக இறகு முளைத்த இறக்கைகளை விரித்து, கூடியிருந்தவர்களின் தலைக்கு மேலே ஒரு சுற்றுப் பறந்தது. உறுமலார்கூட அண்ணாந்து பார்த்தார்.

காட்டை அழிக்காமல் எல்லோருக்கும் சூடு தருவேன் என்று வாக்குக் கொடுப்பவர், கிடைத்த சூடு வீணாகாமல் காக்கவும் வேண்டும், அந்தக் காவலைத் தன் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கவும் வேண்டும்.